கிர்ருன்னு சுத்துதா? இந்தா மாத்திரை!

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் நின்றேன்.

"இன்னா ஆயா, மறுபடி தலைசுத்தலா?"

"ஆமா நைனா. கிர்ருன்னு வருது. அதே மாத்திரை ஒரு அட்டை குடு."

அவ்வளவுதான். வைத்தியம் முடிந்தது. சீட்டு இல்லை, கேள்வி இல்லை. ஆயா முந்தானையில் முடிந்த காசை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் இதே மாத்திரை கேட்டு நாலு பேர். நாலு பேருக்கும் அட்டை கிடைத்தது. அட்டையின் பின்னால் 'டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது' என்று சட்டப்படி அச்சடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். ஆயா எங்கே படிப்பது? கடைக்காரர் ஏன் படிப்பது?

'தலைசுத்தல் மாத்திரைதானே, இதுக்கு எதுக்கய்யா இத்தனை ஆவேசம்?' என்று கேட்பீர்கள். என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன்.

பெரியம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. காலாடிப்பேட்டையில் வாசம். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியப்பா போன பிறகும் தனியாகச் சமைத்து, தனியாக மார்க்கெட் போய் வந்த மனுஷி. ஒரு நாள் விடியற்காலையில் போன். "கட்டில்ல வலது பக்கம் திரும்புனா வீடே கிர்ருன்னு சுத்துதுடா. கட்டிலைக் கெட்டியா புடிச்சிக்கிறேன். கொஞ்ச நேரத்துல நின்னுடுது. மறுபடி திரும்புனா மறுபடி சுத்துது."

இந்த மூன்று வரிகளை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன வியாதி என்பது மொத்தமும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதை யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் "பி.பி.யா இருக்கும்" என்றார்கள். அடுத்த கிளினிக்கில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு தேய்மானம்" என்று காலர் மாட்டிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் தலைக்கு சி.டி. ஸ்கேன். "ஒண்ணும் இல்ல" என்றார்கள். மூன்று இடத்திலும் பொதுவாக ஒன்று நடந்தது. தலைசுத்தல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை நாள் என்று யாரும் எழுதவில்லை. பெரியம்மா பதினாலு மாசம் சாப்பிட்டார்.

எட்டாவது மாசம் கை நடுங்க ஆரம்பித்தது. காபி டம்ளர் ஆடியது. நடை சுருங்கியது. எங்களையெல்லாம் பார்த்தால் வாய் நிறையச் சிரிக்கிற மனுஷி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் பார்க்க ஆரம்பித்தார். 'வயசாயிடுச்சு' என்று குடும்பமே ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. நானும்தான். ஒரு டாக்டர், "இது பார்க்கின்சன்" என்று சொல்லி அதற்கு ஒரு மாத்திரை சேர்த்தார். பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கையால் குழாயை அடைத்துவிட்டு இன்னொரு கையால் வாளியைப் பிடிக்கிற வேலை இது. அப்போது எனக்கு அது தெரியாது.

கடைசியில் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவு. நாலு மணி நேர க்யூ. இளம் வயது டாக்டரம்மா. அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "ஆயா சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையும் எடுத்துட்டு வந்திருக்கீங்களா?" மஞ்சப் பையைக் கொட்டினோம். ஒரு அட்டையைத் தனியாக எடுத்து வைத்தார். "கை நடுக்கம் இதனால வந்ததா இருக்கலாம். முதல்ல இதை நிறுத்தணும்."

பிறகு பெரியம்மாவைக் கட்டிலில் நீட்டி உட்காரவைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாத்திப் படுக்க வைத்தார். "ஐயோ, சுத்துது, சுத்துது!" பெரியம்மாவின் கண்மணி தானாகத் துடித்துச் சுழன்றதை நானே பார்த்தேன். அப்படியே தலையைப் படிப்படியாக மறுபக்கம் திருப்பி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, எழுப்பி உட்கார வைத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி படுக்க வைத்தார். சுத்தல் இல்லை.

பதினாலு மாசம் மாத்திரை விழுங்கிய வியாதி, ஐந்து நிமிஷத்தில், ஒரு வெறும் கட்டிலில் போய்விட்டது.

நான் படித்தது பி.காம். வைத்தியத்தில் எனக்கு அரிச்சுவடியும் தெரியாது. ஆனால் எரிச்சல் வந்தால் ஒரு விஷயத்தைத் தோண்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. தோண்டினேன்.

நம் உள்காதில் அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு பையில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள். வயதானாலோ, தலையில் அடிபட்டாலோ, சில நேரம் காரணமே இல்லாமலோ அந்தத் துகள் இடம் மாறி குழாய்க்குள் விழுந்துவிடும். அப்புறம் தலையைத் திருப்பும்போதெல்லாம் உலகம் சுற்றும். படுக்கையில் புரண்டால், பரண் மேல் பார்த்தால், செருப்பு மாட்டக் குனிந்தால் சுற்றும். ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். இந்த வகைத் தலைசுற்றலை 1921ல் விவரித்தவர் ராபர்ட் பாரனி. காது ஆராய்ச்சிக்காக 1914ன் நோபல் பரிசு வாங்கியவர். 'படுக்கவைத்துப் பார்' என்கிற சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952ல் எழுதி வைத்தார்கள். துகளை உருட்டி வெளியேற்றும் வித்தையைக் கண்டுபிடித்தவர் ஜான் எப்ளி, அமெரிக்காவின் போர்ட்லாண்ட் ஊர்க்காரர். 1980ல் அவர் இதைச் சொன்னபோது சக டாக்டர்கள் சிரித்தார்கள். கட்டுரை அச்சில் வர 1992 ஆயிற்று. இன்றைக்கு உலகம் பூராவும் இதுதான் முதல் வைத்தியம். பத்தில் எட்டு பேருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிறது. அமெரிக்க காது-மூக்கு-தொண்டை டாக்டர்கள் சங்கத்தின் வழிகாட்டு நெறி, 'இதற்கு வழக்கமாகத் தலைசுற்றல் மாத்திரை கொடுக்காதே' என்றே சொல்கிறது.

சரி, மாத்திரைக்கும் கை நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் உண்டு. கை, கால் அசைவு சீராக இருக்க அது வேண்டும். அது வற்றிப்போனால் பார்க்கின்சன். வாந்திக்கும் தலைசுத்தலுக்கும் கொடுக்கப்படுகிற புரோகுளோர்பெரசின், 1950களில் வந்த மனநோய் மருந்துக் குடும்பத்தின் வாரிசு. டோபமைன் போய்ச் சேரவேண்டிய கதவைப் பூட்டுவதுதான் அதன் வேலை. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடும் அதே ஜாதி. சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின் இரண்டும் மாசக் கணக்கில் போனால் இதே வேலையைச் செய்யும். 1980களிலேயே ஸ்பெயின், அர்ஜென்டினா டாக்டர்கள் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆபத்து அதிகம். மெட்டோகுளோபிரமைடை 12 வாரத்துக்கு மேல் கொடுக்காதே என்று அமெரிக்கா 2009ல் கட்டம் போட்டு எச்சரித்தது. 5 நாளுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பா 2013ல் சொன்னது. நம்ம தெருவில் அதற்கு நாள் கணக்கே கிடையாது. கை நடுங்குகிற வரைக்கும்!

மாத்திரையே விஷம் என்று நான் சொல்லவில்லை. வாந்தியும் சுத்தலுமாகத் துவண்டு கிடப்பவருக்கு இரண்டு மூன்று நாள் இந்த மருந்து பெரிய உபகாரம். எல்லாத் தலைசுத்தல் மாத்திரையும் இந்த ரகமும் அல்ல. பீட்டாஹிஸ்டின் வேறு மாதிரி. என் கோபம், 'நிறுத்து' என்று சொல்ல ஆளே இல்லாத மாத்திரை மேல்தான்.

ஒரு விஷயத்தில் டாக்டர்கள் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. நம்ம பாஷை அப்படி. 'மயக்கமா வருது' என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். வீடு சுற்றினாலும் மயக்கம். பசியில் கண் இருட்டினாலும் மயக்கம். சரக்கு போட்டாலும் மயக்கம், காதலித்தாலும் மயக்கம், கல்யாணமான புதுசில் மருமகளுக்கு வந்தால் மாமியாருக்கு சந்தோஷம்! இத்தனை அர்த்தத்தில் எது என்று கண்டுபிடிக்கக் கேள்வி கேட்டாக வேண்டும். 'சுத்துதா, இருட்டுதா, தள்ளாடுதா? எத்தனை நேரம்? படுத்தா வருதா, எழுந்தா வருதா?' இவ்வளவுதான். எழுந்து நின்றால் வருகிறது என்றால் நிற்கவைத்து பி.பி. பார்க்க வேண்டும், உட்கார்ந்தால் சரியாக இருக்கிற பி.பி., நின்றதும் இறங்கியிருக்கும், அதற்கு பி.பி. மாத்திரையே காரணமாக இருக்கலாம். பெரியம்மாவுக்குப் பதினாலு மாசத்தில் ஒருத்தரும் நிற்கவைத்து பி.பி. பார்க்கவில்லை. கேள்வி கேட்க நேரம் வேண்டும். உலக நாடுகளில் டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்குகிறார்கள் என்று 2017ல் ஒரு ஆய்வு வந்தது. ஸ்வீடனில் 22 நிமிஷம். இந்தியாவில் சுமார் இரண்டு. இரண்டு நிமிஷத்தில் கேள்வியும் கேட்க முடியாது, படுக்கவைத்துப் பார்க்கவும் முடியாது. மாத்திரை மட்டும் எழுதலாம்.

அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஸ்கேன். காதுத் துகள் சி.டி. ஸ்கேனில் தெரியாது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் பார்க்கின்சனும் பிடிபடாது. 1817ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் அந்த நோயை முதலில் விவரித்தபோது, அவர் எழுதியது மொத்தம் ஆறு பேரைப் பற்றி. அதில் இரண்டு பேரைத் தெருவில் சந்தித்தார். ஒருவரைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி! கண்ணால் பார்த்தே எழுதிய நோய் அது. மடியில் சும்மா கிடக்கிற கை ஆடுகிறதா, டீ டம்ளரைத் தூக்கும்போது ஆடுகிறதா? முதலாவது பார்க்கின்சனாக இருக்கலாம். இரண்டாவது, பெரும்பாலும் பரம்பரையாக வருகிற வேறொரு நடுக்கம். அதற்கு வைத்தியம் வேறு. ஒரு கையில் ஆரம்பித்ததா, இரண்டு கையிலும் சேர்ந்து ஆரம்பித்ததா? இரண்டிலும் சேர்ந்து வந்தால் மருந்தைச் சந்தேகப்படு. அந்த டாக்டரம்மா இதைத்தான் செய்தார்.

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ராயபுரத்தில் இருந்து கூப்பிடு தூரம், சென்ட்ரல் எதிரே ஜி.எச். அங்கே டாக்டர் பி.ராமமூர்த்தி 1950ல் நரம்பு அறுவை சிகிச்சையை ஆரம்பித்தார். 1960களில் மண்டை ஓட்டில் சின்னத் துளை போட்டு நடுக்கத்தை நிறுத்துகிற ஆபரேஷன் இந்த மெட்ராஸில் நடந்தது. அந்தக் குழுவில் இருந்த டாக்டர் டி.எஸ்.கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவர். ஆபரேஷன் செய்து நடுக்கத்தை நிறுத்திய ஊரில், இன்றைக்கு மாத்திரை கொடுத்து நடுக்கத்தை வரவழைக்கிறோம்.

வடசென்னைக்கு இது இரட்டை ஆபத்து. மற்ற ஊரில் தலைசுத்தலுக்குக் காது, பி.பி. என்று காரணம் தேடலாம். இங்கே காற்றையும் சேர்த்துத் தேட வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கடலுக்கு அடியில் வருகிற அமோனியா குழாய் கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்களே, அவர்களுக்கும் மூச்சுத் திணறல், கண் எரிச்சல், மயக்கம். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ வாடை அடித்து மாணவிகள் மயங்கினார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் 'தலை சுத்துது' என்றால், 'எங்கே வேலை பார்க்கிறே? வீடு எங்கே? எந்த நேரத்தில் சுத்துது?' என்று கேட்க வேண்டாமா? 1837லேயே ஜான் கூப்பர் என்பவர் கிளாஸ்கோவில் மாங்கனீசு அரைக்கிற தொழிலாளிகளின் நடை தள்ளாடுவதைப் பார்த்து, 'இது வேலையால் வந்தது' என்று எழுதினார். 1960களில் சிலி நாட்டு மாங்கனீசு சுரங்கத் தொழிலாளிகளை ஆராய்ந்த ஜார்ஜ் காட்சியாஸ்தான், 1967ல் பார்க்கின்சனுக்கு லெவோடோபா வேலை செய்யும் என்று காட்டினார். இன்றும் அதுதான் பிரதான மருந்து. அந்த மருந்துக்கே தொழிலாளியின் வேலையைக் கேட்டவர் ஒருவர்தான் காரணம். நம்ம ஏரியாவில் வெல்டிங் புகைக்குள் இருபது வருஷம் நின்றவரிடம்கூட அந்தக் கேள்வி வருவதில்லை. காதுத் துகள், பி.பி., விஷக்காற்று என்று என்ன காரணமாக இருந்தாலும் ஒரே அட்டை. தலை சுற்றுவது நின்றால் கேள்வியும் நின்றுவிடுகிறது. சில பேருக்கு ரொம்ப வசதி!

மாத்திரையால் மறைக்கவே கூடாத ஒரு தலைசுத்தலும் உண்டு. திடீரென்று சுற்றி, கூடவே பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், முகம் கோணினால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்த நேரத்தில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப்போட்டு, 'தூங்கினா சரியாயிடும்' என்று படுக்கவைத்தால், பாதி உடம்பு எழுந்திருக்காது. உடனே 108. நம்ம 'கஞ்சித்தொட்டி' ஸ்டான்லி இங்கேதானே இருக்கிறது, கிளம்புங்கள்.

பி.காம் புத்தி போகவில்லை. பெரியம்மாவின் மஞ்சப் பையில் இருந்த பில்களைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று கிளினிக் பீஸ், எக்ஸ்ரே, காலர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பதினாலு மாச மாத்திரை. ரூ.23,640. குணமான அன்றைக்குச் செலவு? வைத்தியம் இலவசம். பெரியம்மாவுக்கு பஸ்ஸும் இலவசம். எனக்கு மட்டும் டிக்கெட். இந்தக் கணக்கில் யாருக்கு லாபம் என்று பாருங்கள், எப்ளி வித்தை ஏன் தெருவுக்கு வரவில்லை என்று புரியும். கட்டிலுக்கு விற்பனைப் பிரதிநிதி கிடையாது. கட்டிலுக்குக் கமிஷனும் கிடையாது.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. 'மாத்திரை எழுதாத டாக்டர் ஒரு டாக்டரா, ஊசி போடாதவர் கைராசிக்காரரா?' என்று கேட்கிற ஜனங்கள் நாம். அந்த டாக்டரம்மா மாத்திரை எழுதாமல் அனுப்பியபோது பெரியம்மாவே என்னைப் பார்த்து, "இன்னாடா, ஒண்ணுமே எழுதித் தரலை?" என்றார். தலையைப் பிடித்து உருட்டியதை அவர் வைத்தியமாகவே சேர்க்கவில்லை.

ஆனால் அரசாங்கத்தைக் கேட்காமல் விட முடியாது. 2021 ஆகஸ்டில் இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டு வாசலுக்கே பி.பி., சர்க்கரை மாத்திரை வருகிறது. நல்ல திட்டம். வருகிற அந்தப் பெண்களிடம் இன்னும் ஒரு வேலை கொடுங்கள்: வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் எடுத்துவரச் சொல்லி, எது எத்தனை மாசமாகப் போகிறது என்று எழுதிவரட்டும். நிற்கவைத்து ஒரு தடவை பி.பி. பார்க்கட்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு டாக்டருக்காவது படுக்கவைத்துப் பார்க்கிற சோதனையையும் எப்ளி வித்தையையும் சொல்லிக்கொடுங்கள். புதுக் கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். அதனால்தான் நடக்காதோ என்று எனக்கு ஒரு பயம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற மாத்திரைகளை நீங்களாகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பி.பி., வலிப்பு, மனநல மருந்துகளைச் சட்டென நிறுத்தினால் வேறு வம்பு. அட்டைகளை ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். 'இது எதுக்கு, எத்தனை நாளைக்கு?' என்று கேளுங்கள். அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

பெரியம்மாவின் கை நடுக்கம் அடங்க ஐந்து மாசம் ஆனது. சில பேருக்கு அடங்குவதே இல்லையாம். உள்ளே மறைந்திருந்த நிஜ பார்க்கின்சனை மாத்திரை வெளியே இழுத்துவிட்டிருக்கும். பெரியம்மா தப்பித்தார். இப்போது காபி டம்ளர் ஆடுவதில்லை. சிரிப்பு திரும்பிவிட்டது, கூடவே என்னைத் திட்டுவதும்.

போன வாரம் அவருக்குத் தைலம் வாங்க அதே கடைக்குப் போனேன். கடைப் பையன் அடையாளம் கண்டுகொண்டான்.

"அண்ணே, ஆயா இன்னா, ரொம்ப நாளா ஆளையே காணோம்? அந்தத் தலைசுத்தல் மாத்திரை ரெண்டு அட்டை எடுத்து வச்சிருக்கேன், குடுக்கட்டா?"